செல்வராணி அக்காவின் சிவப்பு அட்டை

செல்வராணி அக்காவின் மகன் கஜனுடைய தொலைபேசி வந்தபோது என் கார் அந்தரத்தில் நின்றது. அஜின்கோர்ட்டில் ரயர் மாற்றும் கடையில் அதைத் தூக்கி நிறுத்திக் கோடை ரயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "அங்கிள், அம்மா விடிய மோசம் போயிட்டா," என்றான். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றவர் சமையலறையிலேயே சரிந்திருக்கிறார். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனாம். இரண்டு நாளைக்கு முன்னர்தான் செல்வராணி அக்கா என்னை அழைத்து, "பனி கொட்டப்போகுது, இன்னும் ரயர் மாத்தேல்லையோ? உங்களைப்போல ஒரு சோம்பேறியை நான் காணேல்ல," என்று பேசியிருந்தார். அவர் பேசியபடியால்தான் அன்று அந்தக் கடையில் நின்றேன். நாலு ரயரும் மாற்றி முடியும்வரை அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அழுதேன்.

அன்று பின்னேரமே மரண அறிவித்தல் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. பிறந்த ஊர், வாழ்ந்த இடம், அன்னாரின் அன்பு மகள், பாசமிகு தாய் என்று எல்லாம் முறையாக இருந்தது. அதன் நடுவே ஒரு வரி: "மருத்துவ உபகரண நிறுவனமொன்றின் முன்னாள் ஊழியர்." அதை வாசித்தவுடன் என் அழுகை நின்றுவிட்டது. அதன் பிறகு இன்றுவரை எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். ஒரு மனிசி இருபத்திரண்டு வருடம் கைவிரல் தேயச் செய்த வேலையை, அவருடைய உடல் குளிர்வதற்குள் ஒரு வரியில் களவெடுத்துவிட்டார்கள்.

செல்வராணி அக்கா மருத்துவ உபகரணம் எதையும் செய்தவர் அல்லர். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கான பிஸ்டல்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவர் வேலை செய்தார். அங்கே தனி வேலைப் பகுதி என்று ஒன்று இருந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிஸ்டலைத் திரும்ப அனுப்பி, "இதன் விசை என் விரலுக்கு இசையவில்லை, திருத்தித் தாருங்கள்" என்று கேட்பார்கள். அப்படி வருகிற விசைகளைத் திருத்துவதே அக்காவின் வேலை. பிஸ்டல், துவக்கு, ட்ரிகர். மூன்று சொல்லையும் எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

துவக்கு, துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இவை காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிகிற சாமான்கள் அல்ல. பூட்டுப் போட்ட பெட்டியில் வந்து பூட்டுப் போட்ட பெட்டியில் போகிறவை. கழக மைதானத்தில் கடதாசி வட்டத்தைச் சுடுவதற்கானவை. சுடுகிறவன் மூச்சை அடக்கி விரலை மெல்ல மடக்கும்போது விசை நடுவில் முரண்டு பிடித்தால் குறி தப்பிவிடும். உலோகமும் உலோகமும் உரசுகிற இடம் நகத்தின் ஓரமளவு கூட இருக்காது. அக்கா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் மணிக்கணக்காக வேலை செய்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெறும் பிஸ்டலின் விசையை இழுத்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு மண் இருக்கு," என்பார். மண் ஒன்றும் இராது, விரலில் தட்டுகிற மிகச் சிறிய கரகரப்பைத்தான் அவர் அப்படிச் சொல்வது. அந்த மண் போகும்வரை அவர் எழும்ப மாட்டார்.

நான் அவருக்குப் பக்கத்து மேசையில் இறுதிப் பரிசோதனை செய்தவன். வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற் வாசலில் காலையில் அவரை ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் இறக்கிவிடுவதும் நான்தான். பதினேழு வருடம் அப்படி ஓடியது. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் "தம்பி" என்று சொல்லிக்கொண்டே "நீங்கள்" போட்டுக் கதைப்பார். காரில் முன் இருக்கையில் இருந்து என் ஓட்டத்தில் பிழை பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு பிஸ்டல் மேசைக்கு வந்தால் அக்கா முதலில் அதைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்பதைத் தானே பார்த்து உறுதிசெய்வார். பிறகு என் பக்கம் நீட்டுவார். "வெறுமை. பாத்தனீங்களோ?" நான் பார்த்து, "ஓம்" என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். தொழிற்சாலை விதியில் ஒருவர் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தது. இரண்டாவது கண் அக்கா தானாக வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை நடக்கும். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதத்தில் எனக்கு அது கோயிலில் ஐயர் நீட்டுகிற தட்டைத் தொட்டுக் கும்பிடுவது போலப் பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்த தேங்காய்ச் சம்பலைச் சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமல் "ஓம்" என்றேன்.

அன்று அவர் உள்ளே ஒரு பித்தளைப் பொய்க்குண்டை வைத்திருந்தார். மருந்து இல்லாத, வெடிக்காத குண்டு. அதை வெளியே எடுத்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டார். சம்பலுக்கு நடுவே பித்தளை மினுங்கியது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று காரிலும் பேசவில்லை. அடுத்த கிழமை முழுவதும் பின் இருக்கையில் ஏறி இருந்தார். நான் ஏதோ டாக்சிக்காரன் போல முன்னால் தனியே ஓட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமை முன்கதவைத் திறந்து ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "துவக்கு ஆபத்தில்லைத் தம்பி. பாக்காமல் ஓம் எண்டு சொல்லுறவன்தான் ஆபத்து." அந்தப் பாணையும் சம்பலையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

இனிச் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிவராத பிஸ்டலில் ஒரு சிவப்பு அட்டையை நூலால் கட்டிவிடுவது எங்கள் தொழிற்சாலை முறை. காரணத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கையொப்பம் வைக்க வேண்டும். அக்கா காரணத்தை ஆங்கிலத்தில் எழுதுவார். கையொப்பம் வைக்கிற இடத்தில் தமிழில் "விடேலாது", அதாவது விட முடியாது, என்று எழுதுவார். மேற்பார்வையாளர் ஒரு தடவை அதைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். "என்ர கையொப்பம்," என்றார் அக்கா. அந்த மனிசன் கடைசிவரை அதை அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை போட்டிக்காரர் ஒருவர் விசையை மிக மிக இலேசாக்கித் தரும்படி அனுப்பியிருந்தார். அவர் கேட்ட அளவில் அக்கா செய்தார். விசையில் எடை கட்டிப் பார்த்தபோது சொல்லி வைத்தது போல இருந்தது. நானும் பரிசோதித்துச் சரி என்று கையொப்பம் வைத்துவிட்டேன். பெட்டியில் வைக்கப்போகிற நேரம் அக்கா ஒரு ரப்பர்ச் சுத்தியலை எடுத்துவந்து, வெறும் பிஸ்டலின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். யாரும் விசையைத் தொடவில்லை. உள்ளே "டிக்" என்று விழுந்தது. குண்டு இருந்திருந்தால் வெடித்திருக்கும்.

மேற்பார்வையாளருக்கு அவசரம். வாடிக்கையாளர் கேட்டதைத்தானே கொடுக்கிறோம், போட்டியில் யார் சுத்தியலால் தட்டப்போகிறார்கள் என்றார். "கை தவறிக் கீழ விழுந்தால்?" என்று அக்கா கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். அக்கா சிவப்பு அட்டையைக் கட்டினார். அவர் அதை அவிழ்த்தார். அக்கா இன்னொன்றைக் கட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கையொப்பமும் அந்தக் கடதாசியில் இருந்தபடியால் நான் வாயைத் திறக்கவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மேற்பார்வையாளர் அக்காவை அந்த மேசையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டுகிற பகுதிக்கு அனுப்பினார். இரண்டு கிழமை செல்வராணி அக்கா, பூதக்கண்ணாடி பிடித்த கையால் காட்போட் மடித்து ஒட்டுநாடா ஒட்டினார்.

அந்த இரண்டு கிழமையில் வேறு கைகள் திருத்திய மூன்று பிஸ்டல்கள் திரும்பி வந்தன. அதன் பிறகு அவரைக் கூப்பிட்டு மேசையில் இருத்தினார்கள். ஒரு மன்னிப்பும் இல்லை. இரண்டாவது அட்டையோடு அப்படியே கிடந்த அந்தப் போட்டிக்காரருடைய பிஸ்டலை அக்கா மறுபடி செய்தார். எத்தனை தட்டுத் தட்டியும் அசையாத விசை, விரல் கேட்டால் மட்டும் இளகுகிற விசை. அது பெட்டியில் போகும்போது கூடவே ஒரு தடித்த வெள்ளை அட்டை போகும், "கையால் செப்பனிட்டவர்" என்று போட்டு ஒரு பெயரோடு. அதில் மேற்பார்வையாளருடைய பெயர் இருந்தது. எப்போதும் அவருடைய பெயர்தான். அக்காவின் பெயர் அந்தக் கோட்டில் அடங்காதாம், நீளமாம். கழித்துவிட்ட பிஸ்டல்களில் மட்டும்தான் அக்காவின் எழுத்து இருந்தது. நான் காரில் கோபத்தில் குதித்தேன். "நீங்கள் ஏன் கேக்காமல் இருக்கிறியள்? உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அது தானா வெடிக்காது. எனக்கு அது காணும்," என்றார். எனக்குக் காணாது, போதவே போதாது என்றேன். இப்போதும் காணாது.

மேற்பார்வையாளர் அவிழ்த்து எறிந்த அந்தச் சிவப்பு அட்டையை அன்று குப்பைக்குள்ளிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

ஏன் அவர் அப்படி நின்றார் என்பதைப் பிறகொரு நாள் நெடுஞ்சாலையில் அறிந்தேன். முன்னால் எங்கோ லொறி சறுக்கி விழுந்து, பனிக்குள் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றதுதான் அவருக்கு ஞாபகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். யுத்தகாலத்தில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் சனத்தோடு சனமாக, கையில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார். காவலுக்கு நின்ற ஒருவன் தோளில் இருந்த துவக்கை இறக்கும்போது அது வெடித்தது. "கை தவறி வெடிச்சிட்டுது எண்டாங்கள். விசாரணை அவ்வளவுதான். கை தவறி," என்றார் அக்கா. பிறகு கண்ணாடியில் இருந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தானா வெடிக்கிற துவக்கு எண்டு ஒண்டில்லைத் தம்பி. அதை ஆரோ ஒருத்தன் பாக்காமல் விட்டிருக்கிறான். எங்கயோ ஒரு மேசையில இருந்து ஓம் எண்டு சொல்லியிருக்கிறான்." நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அந்தப் போட்டிக்காரருடைய பிஸ்டலுக்குச் சரி என்று கையொப்பம் வைத்தவன் நான்.

இப்படிப்பட்ட மனிசியைத்தான் நாங்கள் இரத்த அழுத்தம் பார்க்கிற பிரஷர் மெசின் செய்தவர் ஆக்கிவிட்டோம். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஜனுக்குக் கலியாணம் பேசிய நேரம், பெண் வீட்டார் "மாமி என்ன வேலை?" என்று கேட்டார்கள். அக்காவின் கணவர், இப்போது அவரும் இல்லை, நல்ல மனிசன், பயந்த மனிசன், "மருத்துவ உபகரணம்" என்று சொல்லிவிட்டார். தமிழ்ப் பொம்பிளை துவக்குக் கொம்பனியில் என்று சொன்னால் எங்கள் சனம் என்னென்ன கதை கட்டும் என்று அவருக்குத் தெரியும். இயக்கம், விசாரணை, விசா என்று கதை கழுத்துவரை வளர்ந்துவிடும். பயத்தில் சொன்னதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் பயம் போன பிறகும் பொய் போகவில்லை. அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்தோம்.

அதன் பலனை அக்கா அனுபவித்தார். கலியாணவீடு, சாமத்தியவீடு எங்கே போனாலும் யாராவது ஒரு பையோடு வந்துவிடுவார்கள். பைக்குள் பிரஷர் பார்க்கிற மெசின். "அன்ரி, உங்கட கொம்பனி சாமானோ தெரியாது, ஒருக்காப் பாருங்கோ, கூடக் காட்டுது." கஜனுடைய மாமியாரே ஒன்று கொடுத்துவிட்டார். அக்கா மறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்து, றப்பர்க் குழாயில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். சலரோகக்காரர் சீனி பார்க்கிற மெசினையும் விட்டுவைக்கவில்லை. "பொய்க்காவது உண்மையா வேலை செய்யவேணும்," என்று காரில் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் இப்போது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

அவர் ஓய்வு பெற்ற நாள் கடைசியாக ஏற்றிக்கொண்டு வந்தேன். தொழிற்சாலையில் கேக் வெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்பார்ட்மென்ற் வாசலில் இறங்க முதல், பகிடி போலச் சொன்னார்: "நான் போனால் உவங்கள் பிரஷர் மெசின் எண்டுதான் எழுதுவாங்கள். நீங்கள் ஒரு வரி எழுதுங்கோ தம்பி. உவள் பிஸ்டலுக்கு ட்ரிகர் பாத்தவள், ஒண்டையும் பாக்காமல் விடேல்லை எண்டு. எழுதுவியளோ?" நான் "ஓம்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பார்த்துத்தான் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார்.

செத்தவீட்டில் மண்டபம் நிறையச் சனம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஊர்ச் சங்கத்தின் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அன்னார் செய்த கருவிகள் எத்தனை இதயங்களின் துடிப்பைக் காத்திருக்கும்" என்றார். அவர் அக்காவை வாழ்நாளில் இரண்டு தடவை கண்டிருப்பார், இரண்டும் சாப்பாட்டு வரிசையில். சனம் எல்லாம் தலையாட்டியது. வேலைத்தலத்திலிருந்து வந்திருந்த எங்கள் பழைய ஆட்கள் நாலு பேர், வெள்ளைக்காரர் இரண்டு, பிலிப்பீன்ஸ்காரி ஒருத்தி, குயானாக்காரர் ஒருவர், தமிழ் விளங்காமல் பின்வரிசையில் இருந்தார்கள். வீட்டாரையும் என்னையும் விட்டால், அந்த மண்டபத்தில் அக்கா என்ன வேலை செய்தார் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை ஒரு சொல் சொல்லும்படி ஒருவரும் கேட்கவில்லை. நானும் எழும்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அக்காவின் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்த்தேன். நுனியில் இருந்த காய்ப்பு அப்படியே இருந்தது. அதை எந்த அறிவித்தலாலும் மாற்ற முடியவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் எழுதினேன். இதில் பாதி அன்று எழுதியது, மிச்சம் பிறகு கஜனுடைய சம்மதத்தோடு சேர்த்தது. போன செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிற பிரதியைக் கஜன் அனுப்பினான், ஒரு சிறு குறிப்போடு: "அங்கிள், அச்சுக்காரர் காத்துக்கொண்டு நிக்கிறார். சரியெண்டால் ஓம் எண்டு மட்டும் அனுப்புங்கோ, காணும்." தேவாரம் இருந்தது, குடும்ப மரம் இருந்தது, என் கட்டுரையும் இருந்தது. பெருவிரல் "ஓம்" அடிக்கப் போய்விட்டது. சம்பலுக்குள் கிடந்த பித்தளை நினைவுக்கு வந்ததால் முழுவதையும் வாசித்தேன். பிஸ்டல் என்று நான் எழுதிய இடமெல்லாம் "நுண்கருவி" என்று இருந்தது. ட்ரிகர் "முக்கிய பாகம்" ஆகியிருந்தது. அண்ணனைப் பற்றி நான் எழுதிய பந்தி முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

பிரதியை அச்செடுத்துக்கொண்டு, மேசை லாச்சிக்குள் கிடந்த சிவப்பு அட்டையையும் எடுத்துக்கொண்டு, அப்போதே வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். எலிவேற்றரில் நின்றபடி பிரதியின் மூலையில் ஓட்டை போட்டு அட்டையை நூலால் கட்டினேன். கஜன் கதவைத் திறந்தான். பிரதியை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அம்மான்ர எழுத்து," என்றான்.

"ஓம். அவ திருத்தின பிஸ்டல் ஒண்டில கட்டினது. வேலை போனாலும் பரவாயில்லை எண்டு கட்டினது."

"அங்கிள், நான் அம்மாவைக் குறைச்சு நினைச்சு மாத்தேல்ல. தாரணியின்ர ஆக்கள் எல்லாரும் வருவினம். அப்பா அவையளுக்கு ஒரு கதை சொல்லிப்போட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு பொய் சொன்னனாங்கள் எண்டு எப்பிடிப் போடுறது?"

தாரணி, அவனுடைய மனைவி, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டதோ, அந்தப் பிள்ளை.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "கலியாணம் முடிஞ்ச முதல் கிழமையே மாமி சொல்லிப்போட்டா. 'பிள்ளை, நான் துவக்குக்கு ட்ரிகர் பாக்கிறனான், பயப்பிடாதை' எண்டவ. அம்மாக்கும் நான் அப்பவே சொல்லிப்போட்டன்."

"அப்ப ஏன் நீர் எனக்குச் சொல்லேல்ல?" என்றான் கஜன்.

"நீங்கள் கேக்கேல்லையே. வெளியில சொல்ல விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப உங்கட அம்மா பிரஷர் மெசின் குடுத்துவிட்டது?"

"அது உண்மையாப் பழுதாப்போச்சு. மாமி எதையும் திருத்துவா எண்டு குடுத்தவ."

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த உண்மையை எல்லோரும் மூடிவைத்திருக்கிறோம். அந்த மூடிக்குக் கீழே ஒரு மனிசியின் இருபத்திரண்டு வருட வேலை கிடந்திருக்கிறது. ஒருவராவது திறந்து பார்க்கவில்லை. நான் உட்படத்தான் சொல்கிறேன். நான் மண்டபத்தில் எழும்பியிருக்க வேண்டும்.

கஜன் மேசையில் இருந்தான். பேனையை எடுத்து "நுண்கருவி" என்ற சொல்லை வெட்டி, மேலே "பிஸ்டல்" என்று எழுதினான். பதினொரு இடம். "முக்கிய பாகம்" மறுபடி "ட்ரிகர்" ஆனது. ஒவ்வொரு இடத்திலும் கை கொஞ்சம் நின்று நின்று போனது. அண்ணனுடைய பந்தி வரவேண்டிய இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, "இதையும் போடவும்" என்று எழுதினான். தன் பெரியமாமா எப்படிச் செத்தார் என்பதை அவன் என் கட்டுரையில்தான் முதன்முதலாக வாசித்திருக்கிறான். அது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. பிறகு தாள்களை என்னிடம் நீட்டினான்.

"இப்ப பாருங்கோ அங்கிள்."

முதல் பக்கத்திலிருந்து நன்றி நவிலல் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். தாரணி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

"பாத்தனீங்களோ?" என்று கஜன் கேட்டான். தாய் எத்தனை ஆயிரம் தடவை என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார் என்பது அவனுக்குத் தெரியாது.

"பாத்தன்," என்றேன். "ஓம்."

சிவப்பு அட்டையை அவன் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது பிள்ளைக்குச் சேர வேண்டியது. எனக்கு அக்காவிடமிருந்து மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். கடதாசியில் கையொப்பம் வைக்கப் போனாலும், மேடையில் ஒருவரைப் புகழக் கேட்டாலும், பக்கத்து இருக்கையிலிருந்து அது கேட்கிறது.

இந்த மலரை மண்டபத்தில் உங்கள் கையில் தருவார்கள். சாப்பாட்டு வரிசை நகர்கிற இடைவெளியில் முன்னட்டையைப் பார்ப்பீர்கள், படத்தைப் பார்ப்பீர்கள், "அருமையான மனிசி" என்று தலையாட்டுவீர்கள். ஆட்டுங்கள், அவர் அருமையான மனிசிதான். ஆனால் செல்வராணி அக்கா பிஸ்டலுக்கு ட்ரிகர் பார்த்தவர், ஒன்றையும் பார்க்காமல் விடாதவர். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு ஆட்டுங்கள்.